தெரியாவிட்டால் 'வேண்டாம்': அயர்லாந்து ஐரோப்பாவைப் படித்த கதை

[திரையில்: டப்ளின் தெரு. விளக்குக் கம்பங்களில் வரிசையாகப் பிரசார அட்டைகள்.]

வணக்கம். 2001 ஜூன். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய நாடுகளைச் சேர்க்க வழி செய்யும் நீஸ் உடன்படிக்கையை ஏற்கலாமா என்று அயர்லாந்து மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடக்கிறது. வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு 35 பேர்கூட இல்லை. வந்தவர்களில் பாதிக்கு மேல் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். அப்போது பிரபலமாக இருந்த ஒரு பிரசார வாசகம்: "தெரியாவிட்டால், வேண்டாம் என்று வாக்களியுங்கள்."

எனக்கு அந்த வாசகம் நியாயமாகவே படுகிறது. படித்துப் புரியாத பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

சரி, பல நாடுகளில் நாடாளுமன்றமே முடித்துவிடும் வேலையை அயர்லாந்து ஏன் மக்களிடம் கொண்டுபோகிறது? ரேமண்ட் குரோட்டி என்ற பொருளியலாளர் போட்ட வழக்குதான் காரணம். ஓர் ஐரோப்பிய ஒப்பந்தம் ஒன்றியத்தின் அடிப்படை வரம்பையே மாற்றுமானால், அதை ஏற்பதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் மக்கள் வாக்களித்தே ஆக வேண்டும். ஆக, ஐரோப்பா என்றால் என்ன என்பது அங்கே சாதாரணக் குடிமகனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

[திரையில்: ஊர் மண்டபம், வட்டமாக நாற்காலிகள்]

தோல்விக்குப் பிறகு, அதே 2001இல், 'ஐரோப்பா குறித்த தேசிய மன்றம்' தொடங்கப்பட்டது. தலைவர் மாரிஸ் ஹேய்ஸ். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே அரங்கில் பேசினார்கள். மன்றம் டப்ளினோடு நிற்காமல் ஊர் ஊராகவும் போனது. 2002 அக்டோபரில் மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை ஏறக்குறைய 63 சதவீதம் 'சரி' என்றது. மன்றம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். நாட்டின் இராணுவ நடுநிலை பற்றித் தெளிவான அறிவிப்பும் இடையில் வந்திருந்தது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

[திரையில்: ஒரு பக்கம். வரிகள் அடிக்கப்பட்டு, புதிய சொற்கள் செருகப்படுகின்றன.]

2008 ஜூன், ஒன்றியத்தின் இன்னொரு ஒப்பந்தமான லிஸ்பன் உடன்படிக்கைக்கு வாக்கெடுப்பு. இந்தப் பக்கத்தைப் பாருங்கள். 'இந்தப் பிரிவில் இந்தச் சொல்லை நீக்கி அந்தச் சொல்லைச் சேர்க்கவும்' என்றே பக்கம் பக்கமாகப் போகும். பழைய ஒப்பந்தங்களை அருகில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வரியும் விளங்காது. ஒன்றியத்தின் ஆணையராக, அதாவது அதன் நிர்வாகக் குழுவான ஐரோப்பிய ஆணையத்தின் உறுப்பினராக, இருந்த அயர்லாந்துக்காரர் சார்லி மெக்ரீவியே அதை முழுதாகப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் மக்களை எப்படிக் குறை சொல்வது? 53.4 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். புரியவில்லை என்பதே பலர் சொன்ன காரணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மக்களின் பயங்களைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே தரம் இல்லை. பிள்ளைகளை ஐரோப்பிய இராணுவத்துக்குக் கட்டாயமாக இழுத்துக்கொண்டு போவார்கள் என்ற பேச்சுக்கு உடன்படிக்கையில் ஆதாரமே இல்லை. ஆனால் அயர்லாந்துக்கு எப்போதும் ஓர் ஆணையர் இருப்பார் என்ற நிலை போய்விடும் என்ற கவலை உண்மையானது. ஆணையர்களின் எண்ணிக்கையைக் குறைக்க உடன்படிக்கையிலேயே வழி இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'அறியாமை' என்று தள்ளினால், கேள்வி கேட்டவருக்குக் கோபம்தான் வரும். பொய்யைப் பொய் என்று விளக்க வேண்டும். உண்மையான கவலைக்குப் பேச்சுவார்த்தையில் பதில் வாங்கிவர வேண்டும். அப்படியே நடந்தது: நாட்டுக்கு ஓர் ஆணையர் என்பது தொடரும் என்று 2008 டிசம்பரில் ஐரோப்பியத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வரி, கருக்கலைப்புச் சட்டம், நடுநிலை ஆகியவற்றுக்கு 2009 ஜூனில் சட்ட உத்தரவாதம் வந்தது.

கூடவே, கட்சி சாராத பொதுவாக்கெடுப்பு ஆணையம் நீதிபதி ஃபிராங்க் கிளார்க் தலைமையில் உடன்படிக்கையை எளிய மொழியில் மக்களுக்கு விளக்கியது. எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று சொல்வது அதன் வேலை இல்லை. 2009 அக்டோபரில் மறுபடி நடந்த வாக்கெடுப்பில் 67 சதவீதம் 'சரி'. பொருளாதார நெருக்கடியின் பயமும் அதில் கலந்திருந்தது. ஆனாலும் வாக்களித்தவர்கள் 53 சதவீதத்திலிருந்து 59 ஆக உயர்ந்ததுதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

[திரையில்: வகுப்பறை]

அந்த ஆணையத்தில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் புதிதாக அமைப்பார்கள். வேலை முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். சில வாரங்களில் ஐரோப்பாவை யாருக்குக் கற்பிக்க முடியும்? பள்ளிகளில் 1997 முதல் குடிமைக் கல்வி கட்டாயப் பாடமாக இருந்தது, ஆனால் பெரியவர்களுக்கு நிரந்தரமாக எதுவும் இல்லை. 2023இல்தான் நிரந்தரத் தேர்தல் ஆணையம் ஒன்றை அயர்லாந்து அமைத்தது. வாக்கெடுப்பு இல்லாத ஆண்டிலும் வாக்காளர்களுக்குக் கற்பிப்பது இப்போது அதன் வேலைகளில் ஒன்று.