முதலில் பலகைக்கு முன் வந்து உட்கார்வது

அவையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும் அவர்களோடு வந்திருக்கும் குழந்தைகளுக்கும் என் வணக்கம்.

என்னிடம் சதுரங்கம் கற்கும் சிறுமி ஒருத்தி போன மாதம் ஒரு போட்டியில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் தோற்றாள். அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. "அவளுக்கு நம்பிக்கை வருகிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்கள், சார்" என்று அவளுடைய அம்மா கேட்டார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து 2013 நவம்பர்தான் என் மனத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உலகப் பட்டத்துக்கான ஆட்டம் நம் சென்னையிலேயே நடந்தது. 2007 முதல் பட்டத்தைக் கையில் வைத்திருந்த விஸ்வநாதன் ஆனந்த், தான் வளர்ந்த ஊரில், 22 வயது மாக்னஸ் கார்ல்சனை எதிர்கொண்டார். ஐந்தாவது ஆட்டம் போனது. மறுநாளே ஆறாவதும் போனது. ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் துணிந்து தாக்கினார். கார்ல்சனின் சிப்பாய் ஒன்று கடைசி வரிசையைத் தொட்டு ராணியாகி, செக் வைத்தது. மந்திரியை இடையில் வைத்திருந்தால் போராட்டம் நீண்டிருக்கும். அவர் குதிரையை வைத்தார். கார்ல்சன் ஒரே ஒரு காய் நகர்த்தினார், ஆட்டம் முடிந்துவிட்டது. பத்து ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லாமல், மூன்றரைக்கு ஆறரை என்று பட்டம் கைமாறியது.

சொந்த ஊரில் தோற்பது தனி வலி. வெளியூரில் தோற்றவனுக்குத் திரும்பி வர ஒரு வீடாவது இருக்கிறது.

அடுத்த மார்ச்சில் கேண்டிடேட்ஸ் போட்டி. அதில் வென்றால்தான் கார்ல்சனோடு மறுபடி மோத முடியும். போகலாமா வேண்டாமா என்று ஆனந்த் தயங்கினார். போகச் சொல்லி வற்புறுத்தியவர்களில் விளாதிமிர் கிராம்னிக்கும் ஒருவர். 2008இல் பான் நகரில் ஆனந்திடம் உலகப் பட்டப் போட்டியில் தோற்றவர் அவர். அந்தக் கேண்டிடேட்ஸில் அவரும் ஒரு போட்டியாளர். தன் வழியில் நிற்கப்போகிறவனை "வா" என்று அழைக்கிற மனம் எவ்வளவு பெரிய மனம்! தோற்றவனுக்குத் தன் மேல் இல்லாத நம்பிக்கையைச் சில நாள் இன்னொருவர் சுமந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. பெற்றோர்களே, உங்களால் அதைச் செய்ய முடியும்.

ஆனந்த் போனார். சைபீரியாவில் காந்தி மான்சிஸ்க் என்ற ஊர். எட்டுப் பேர், பதினான்கு சுற்றுகள். 44 வயதுக்காரர் வெல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் மிகக் குறைவு. முதல் சுற்றிலேயே, அங்கிருந்தவர்களில் தரவரிசையில் முதலிடத்தில் நின்ற லெவோன் அரோனியனை வீழ்த்தினார். பிறகு மமெதியரோவ், டோபலோவ். ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல், எட்டரைப் புள்ளிகளோடு, கடைசிச் சுற்றுக்கு முன்பே முதலிடத்தை உறுதி செய்துவிட்டார்.

ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கையோடு அவர் அங்கே போய் இறங்கினார் என்று நான் எண்ணவில்லை. அந்த நம்பிக்கை அரோனியனை வென்ற மாலையில் பிறந்திருக்க வேண்டும். உட்கார்ந்து ஆடியதால் வந்தது அது.

கதையை இங்கேயே நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் குழந்தைகளுக்கு நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். அதே ஆண்டு சோச்சியில் ஆனந்த் மறுபடியும் கார்ல்சனிடம் தோற்றார். ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் தன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தபோது, குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆனந்தின் கை ஓங்கியிருக்கும். அவர் அதைக் கவனிக்கவில்லை. இழந்த பட்டம் பிறகு அவரிடம் திரும்பவே இல்லை.

ஆனாலும் ஆடிக்கொண்டிருந்தார். 2017 டிசம்பரில் லண்டன் போட்டியில் பட்டியலின் அடியில் கிடந்தார். அதே மாதக் கடைசியில் ரியாத்தில், குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கும் உலக ரேபிட் போட்டியின் பதினைந்து சுற்றுகளிலும் தோற்காமல் ஆடி, கார்ல்சனையும் வென்று சாம்பியன் ஆனார். அப்போது வயது 48.

அந்தச் சிறுமி நேற்று மாலை வந்தாள். "நான் விளையாடவில்லை சார், காய்களை மட்டும் அடுக்கித் தருகிறேன்" என்றாள். சரி என்றேன். பன்னிரண்டு பலகைகள். ஒவ்வொன்றாக அடுக்கினாள். கடைசிப் பலகையில் வெள்ளைக் காய்களின் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.