கைப்பழக்கமும் மூளையும்
(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய வைத்திய கலாநிதி அம்மையார் அவர்களே, காலி வீதி நெரிசலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்றார் ஔவையார். அந்தப் பழக்கத்தை மூளை எப்படி ஆள்கிறது, எப்படித் திருத்துகிறது, முதுமையில் அது என்னவாகிறது என்று மூன்று விடயங்கள் பேச எண்ணியிருக்கிறேன்.

தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டுகிறோம். கண் கண்ட பிழையைக் கை திருத்தத் தொடங்குவதற்கே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்காவது போய்விடும். ஆகவே கை எங்கே போய்ச் சேரும் என்பதை மூளை முன்னதாகவே கணித்துக் கட்டளையிடுகிறது. கணக்குப் பிழைத்தால் திருத்திக்கொள்கிறது. காட்சியை ஒருபக்கம் விலக்கும் அரியக் கண்ணாடியை அணிந்தவர் முதலில் குறி தவறுவார், சில தடவைகளில் சரியாகத் தொடுவார், கழற்றியதும் எதிர்ப்பக்கம் தவறுவார். ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்தார். அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை பழுதுபட்டவர்கள் பலருக்கு இந்தத் திருத்தம் கைகூடுவதில்லை.

செட்டியார் தெருவில் நகைப் பட்டறை வைத்திருந்த ஒரு பத்தர் ஐயாவைச் சொல்ல வேண்டும். மூளையைத் தாக்கும் பாரிசவாதத்தில் அவருடைய வலக்கை சோர்ந்துவிட்டது. மனைவி சோறு ஊட்டினார், சட்டைத் தெறி பூட்டினார். மற்றதையெல்லாம் இடக்கை ஏற்றுக்கொண்டது. பேத்தி மட்டும் தேநீர்க் கோப்பையை வலப்பக்கமே வைப்பாள். இடக்கை நீண்டால், "தாத்தா, அந்தக் கை இல்லை" என்று தள்ளி வைப்பாள். "நோயாளியை வதைக்கிறாயே பிள்ளை!" என்று பாட்டி அதட்டினார். பிள்ளை அசையவில்லை. தேநீர் சாரத்தில் கொட்டியது, மறுநாளும் கொட்டியது. பிறகு விரல்கள் கோப்பையின் காதைப் பிடித்தன. பல மாதங்கள் கழித்து அந்த மனிதர் சாமணத்தால் ஒரு சிவப்புக் கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கைப்பழக்கம் என்று ஔவையார் சும்மாவா சொன்னார்!

பேத்தி செய்ததை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் சிகிச்சையாகவே வகுத்திருக்கிறார். நல்ல கைக்கு உறை மாட்டி, சோர்ந்த கையை மணிக்கணக்கில் உழைக்க வைப்பது அது. மணிக்கட்டிலும் விரல்களிலும் சிறிதளவாவது அசைவு எஞ்சியவர்களுக்கு அது பலன் தருவதை 2006இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது.

முதுமையைப் பற்றிப் பேச நேரமில்லை. இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நம்மவர் கையில், அவர் வாசிக்கக்கூடிய தமிழில் பயிற்சித் தாள் இருக்க வேண்டும். இந்த மண்டபம் வாரத்தில் ஒரு காலையாவது, இயன்மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், கைப்பயிற்சிக்காகத் திறந்திருக்க வேண்டும். தலைவர் அவர்களுக்கு விண்ணப்பத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. உதவ விரும்புவோர் பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.