இடது பக்கம் பறக்கும், வலது பக்கம் நகராது! எஸ்டிஎல் 3 முதல் பாடம்

[திரையில்: கறுப்பு ஜன்னல், நடுவில் சிவப்புச் சதுரம்]

வணக்கம் மக்களே! இடது அம்புக்குறியை அழுத்துகிறேன், சதுரம் பறக்கிறது. வலதை அழுத்துகிறேன், அசையவே மாட்டேன் என்கிறது. கீபோர்டில் எந்தக் கோளாறும் இல்லை. காரணம் நிரலில் ஒரே ஒரு சொல். அதற்கு வருகிறேன்.

முதலில் வரலாறு, பத்தே நொடி. எஸ்டிஎல் என்பது சாம் லாண்டிங்கா 1998-ல் வெளியிட்ட சி மொழி நூலகம், அதாவது நம் நிரலில் எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமாக இருக்கும் நிரல்களின் தொகுப்பு. ஜன்னல், படம், ஒலி, கீபோர்டு எல்லாவற்றையும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே நிரலால் கையாளலாம். இலவசம். மூன்றாம் பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. அவ்வளவுதான் வரலாறு.

நிறுவிய பிறகு கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று கத்தினால் பயப்படாதீர்கள். நூலகத்தை நம் நிரலோடு இணைக்க, அதாவது லிங்க் செய்ய மறந்திருப்பீர்கள்.

[திரையில்: லூப்]

ஜன்னலையும், அதில் வரைகிற ரெண்டரரையும் உருவாக்கியதும் ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் கீ அழுத்தியது, மவுஸ் சொடுக்கியது போன்ற ஈவென்ட்களைப் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் நிரல் நன்றாக ஓடினாலும் 'பதிலளிக்கவில்லை' என்று கணினி சொல்லிவிடும். அப்புறம் பழைய படத்தைத் துடைத்து, புதிதாக வரைந்து, கடைசியில் 'பிரசென்ட்'. கோயிலில் திரை போட்டு அலங்காரம் செய்து, முடிந்ததும் விலக்குவார்களே, அதேதான். வரைவது எல்லாம் மறைவில் நடக்கும், முழுப் படம்தான் கண்ணுக்குத் தெரியும்.

சரி, இப்போது நம் சதுரம். சுற்றுக்கு 5 பிக்சல் நகர்த்தலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குவோம். விசிங்க் போட்டிருந்தால், அதாவது மானிட்டர் படத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சுற்று என்று வைத்தால், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நொடிக்கு 300 பிக்சல். அதே நிரல் நண்பனின் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 720! இந்த வியாதி ரொம்பப் பழையது. 4.77 மெகாஹெர்ட்ஸ் ஐபிஎம் பிசியை நம்பி எழுதிய கேம்கள், வேகமான கணினி வந்ததும் விளையாடவே முடியாத வேகத்தில் ஓடின. அதனால்தான் அந்தக் காலப் பெட்டிகளில் 'டர்போ' பட்டன். டர்போ என்று பெயர், ஆனால் அதன் உண்மையான பயன் கணினியை மெதுவாக்குவது! எனக்கு மிகவும் பிடித்த பட்டன் இது.

நமக்குப் பட்டன் வேண்டாம். போன சுற்றிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, 300-ஐ அதனால் பெருக்கினால் போதும். இங்கேதான் பொறி. விசிங்க் இல்லாமல் நொடிக்கு 1000 சுற்று ஓடினால், ஒரு சுற்றுக்கு 0.3 பிக்சல். சதுரத்தின் இட-வல இடத்தைச் சொல்லும் எக்ஸை 'இன்ட்', அதாவது முழு எண் என்று அறிவித்திருந்தால்? 100-உடன் 0.3 கூட்டினால் 100.3, தசமம் வெட்டுப்பட்டு மறுபடி 100. வலது பக்கம் அவுட்! கழித்தால் 99.7, வெட்டுப்பட்டு 99. சுற்றுக்கு ஒரு முழு பிக்சல், அதாவது நொடிக்கு 1000. 'இன்ட்' என்பதை, தசமத்தையும் வைத்துக்கொள்ளும் 'ஃப்ளோட்' ஆக்குங்கள், தீர்ந்தது. எஸ்டிஎல் 3-ல் செவ்வகம் வரையும் ஃபங்ஷனும் ஃப்ளோட்தான் கேட்கிறது.

அடுத்து சதுரத்தைக் குதிக்க வையுங்கள். இங்கே மேல்-கீழ் இடத்தைச் சொல்லும் ஒய் கூடினால் சதுரம் கீழே போகும், பள்ளிக்கூட வரைபடத்தாளுக்கு நேர் எதிர். ஸ்பேஸ் பாரை அழுத்தியதும் தரைக்குள் புகுந்துவிட்டால் நிரலைக் கமெண்டில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.