தொலைபேசியில் வந்த உத்தரவு

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன் அழகுறப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட பேராசிரியர் அம்மையார் அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' (எல்லாரும் என் பிள்ளைகளே) நாடக மாந்தர்களிடம் முதலாளித்துவமும் சமூகப் பொறுப்பும் எவ்வாறு மோதுகின்றன என்பது எனக்களித்த தலைப்பு. தந்தை ஜோ கெல்லர், மகன் கிறிஸ், தாய் கேட் ஆகிய மூவரைப் பற்றியும் பேசுவதாக எண்ணம்.

1947 ஜனவரியில் நியூயார்க்கில் இலியா கசான் இயக்கத்தில் அரங்கேறிய நாடகம் இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கெல்லரின் ஆலையில் விமான இயந்திரத்துக்கான சிலிண்டர் தலைகள் விரிசலோடு வருகின்றன. ராணுவமோ சரக்கு கேட்டு நெருக்குகிறது. தொழில் கூட்டாளி ஸ்டீவ் டீவர் பதறிப்போய் முதலாளியைத் தொலைபேசியில் அழைக்கிறார். விரிசலைப் பற்றவைத்து மறைத்து அனுப்பிவிடு, பொறுப்பை நான் ஏற்கிறேன் என்று சொல்லும் கெல்லர், காய்ச்சல் என்று ஆலைப் பக்கமே வராமலிருந்துவிடுகிறார். 21 விமானிகள் மாள்கிறார்கள். அப்படியோர் உத்தரவு தரவேயில்லை என்று மறுத்து, கெல்லர் மேல்முறையீட்டில் விடுதலை பெறுகிறார். ஸ்டீவ் சிறையிலேயே கிடக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

கெல்லரை மில்லர் அரக்கனாகப் படைக்கவில்லை. தெருப் பிள்ளைகளோடு விளையாடும் அன்பான மனிதர் அவர். குடும்பத்துக்காகவே எல்லாம் செய்தேன் என்கிறார். ஒப்பந்தம் ரத்தானால் நாற்பதாண்டு உழைப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்ற அச்சம் பொய்யல்ல. இந்தப் போரில் யார் இலவசமாக உழைத்தார்கள், பணம் வாங்காமல் ஒரு துப்பாக்கியாவது அனுப்பப்பட்டதா என்று அவர் திருப்பிக் கேட்கும்போது, அந்தக் காசில் வளர்ந்த கிறிஸிடம் தக்க விடையில்லை. நாடகத்தின் உச்சம் இதுதான் என்பேன். போரில் காணாமற்போன இன்னொரு மகன் லாரி, தந்தையின் குற்றத்தைச் செய்தித்தாளில் படித்துத் தன்னையே மாய்த்துக்கொண்டான் என்பதை அவன் கடிதம் காட்டிய பிறகே, மாண்ட விமானிகள் எல்லாரும் தம் பிள்ளைகளே என்று கெல்லர் உணர்ந்து தம்மைச் சுட்டுக்கொள்கிறார்.

ஆனால் என் மனம் ஸ்டீவையே சுற்றுகிறது. நான் சங்கப் பொறுப்பில் இருந்தபோது, ஒரு சாயப்பட்டறையில் கொதிகலன் பார்க்கும் பெரியவர் இருந்தார். ஓர் இரவு, அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு கசிந்தது. "அதைக் கட்டிவிட்டு ஓட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் முதலாளி, தொலைபேசியில். பெரியவர் மறுக்கவில்லை. "ஒரு நிமிஷங்க முதலாளி, நோட்டை எடுத்துக்கிறேன்" என்றார். எழுதினார். எழுதியதை எழுத்துக்கூட்டி வாசித்தும் காட்டினார். "நேரம் பதினொண்ணுன்னு போட்டிருக்கேங்க, சரிங்களா?" என்றார். மறுமுனையில் மூச்சில்லை. "உங்க பேருக்கு முன்னால இனிஷியல் என்னங்க?" என்றதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. விடிவதற்குள் புது வால்வோடு மெக்கானிக் வந்து நின்றார். (நெடுநேரம் கைதட்டல்.)

தொலைபேசி அழைப்பை நீதிமன்றத்தில் மறுத்துவிடலாம் என்று ஸ்டீவின் மகன் ஜார்ஜ் நாடகத்தில் குமுறுகிறான். அவனே ஒரு வழக்கறிஞன். நம் உச்ச நீதிமன்றமும் 2013இல், அரசு அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்பேரில் செயல்படலாகாது, அது எழுத்தில் பதிவாக வேண்டும் என்றது. தனியார் ஆலையில் கொதிகலன் அருகே நிற்பவருக்கு அந்தத் தீர்ப்பு எட்டவில்லை. பாதுகாப்பைத் தொடும் எந்த உத்தரவும் கையொப்பத்தோடு வர வேண்டும், கேட்டதற்காக எவரும் வேலையிழக்கக் கூடாது என்பதே எங்கள் கோரிக்கை. இல்லையேல் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதே ஆலைகளின் சட்டமாக இருக்கும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தாய் கேட்டைப் பற்றிப் பேராசிரியர் அம்மையார் முன்பே சொல்லிவிட்டார். அமைச்சருக்கான மனு வாசலில் இடப்பக்க மேசையில் இருக்கிறது. பெயரோடு பணியிடத்தையும் எழுதிக் கையொப்பமிடுங்கள். நன்றி, வணக்கம்.