கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்களா? முதலில் ஒரு சாக்பீஸ் எடுங்கள்!

[காட்சி: லாரிக்கு அடியில், டார்ச் வெளிச்சம்]

ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடிக்கிறதா? பட்டறையில் கேட்டால் "கிளட்ச் பிளேட் போச்சுண்ணே, கியர்பாக்ஸை இறக்கணும்" என்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். பல நேரம் பிளேட் நன்றாகவே இருக்கும்; விரல் நுனி அளவு ரப்பர் வாஷர் ஒன்று வேலையைக் காட்டியிருக்கும்.

பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், ஆயில் கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ராடைத் தள்ளும், ராடு ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளும், கிளட்ச் விடும், அதாவது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலான பிடி விலகும். அவ்வளவுதான்.

இப்போது சாக்பீஸ். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், கியர் நியூட்ரலில், இன்ஜின் ஆஃப். ஏர் பூஸ்டர் (காற்றழுத்தத்தால் கிளட்சைத் தள்ள உதவுவது) உள்ள பெரிய வண்டி என்றால் டேங்கில் காற்று நிறைந்திருக்க வேண்டும். ஸ்லேவ் ராடில் ஒரு கோடு போட்டுவிட்டு, கிளீனர் தம்பியைப் பெடலை முழுக்க மிதித்து அப்படியே பிடிக்கச் சொல்லுங்கள். கோடு எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். முழு தூரம் போய் அங்கேயே நின்றும் கிளட்ச் விடவில்லையா? சரி, பட்டறைக்காரர் சொன்னதுதான் நியாயம், இறக்குங்கள். பாதி தூரம்தான் போனதா? கோளாறு ஆயில் பாதையில் இருக்கிறது.

எனக்குப் பிடித்த திருடன் மூன்றாவது ஆள். ராடு முழுசாகப் போகும். தம்பி காலை எடுக்கவே இல்லை, ஆனாலும் கோடு மெல்ல மெல்லப் பின்வாங்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, டப்பாவில் ஆயில் மட்டமும் குறையாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்து, ஆயில் அதன் ஓரமாகவே நழுவித் திரும்பிக்கொண்டிருக்கிறது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்கும்போது லாரி தானாக முன்னால் ஊர்ந்தால் இந்த ஆளைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

[காட்சி: கையில் சிரிஞ்சு]

அடுத்து, இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால்தான் கியர் விழுகிறது என்பவர்களுக்கு. ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்துங்கள். கல் மாதிரி நிற்கும். இப்போது பாதி காற்று. அமுங்குகிறது, விட்டால் எம்பி வருகிறது! உங்கள் பெடலும் இப்படித்தான் இருக்கிறது, லைனில் ஏர் ஏறியிருக்கிறது. ஏர் எடுத்தால் சரியாகிவிடும், ஆனால் அது உள்ளே வந்த வழி? ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கிட் (உள் ரப்பர் செட்) மாற்றாமல் விடாதீர்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் பெடல் தொளதொளத்து, ஆறியதும் சரியாகிறதா? பழைய ஆயிலைச் சந்தேகப்படுங்கள். கிளட்ச் லைனில் ஓடுவதும் பிரேக் ஆயில்தான், அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140தான்.

தொழில் பழகிய காலத்தில் நான் செய்த கூத்து ஒன்று. கேன் மாறி, கிளட்ச் டப்பாவில் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றிவிட்டேன். ரப்பரெல்லாம் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஆயில் திரும்பும் துளையை அடைத்துக்கொண்டது. அழுத்தம் உள்ளேயே சிக்கி, காலை எடுத்தும் கிளட்ச் மிதித்த மாதிரியே நின்றது. இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. மேஸ்திரி ஸ்லேவின் நிப்பிளை (ஏர் எடுக்கும் திருகு) திறந்தார். ஆயில் பீய்ச்சியது, கிளட்ச் பிடித்துக்கொண்டது. பிளேட்டில் குறையில்லை! அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் கேட்கிறது. மாஸ்டர், ஸ்லேவ், ஓஸ் எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் பெடல் எந்த ரகம், லாரியை ஊரவிடுகிறதா, எம்புகிறதா? கமெண்டில் போடுங்கள். அப்புறம், ஏர் எடுக்கும்போது தம்பி காலைத் தூக்கும் முன்பே நிப்பிளை மூடிவிடுங்கள். பெயின்டில் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.