சுவரில் இருக்கும் கறைக்குக் காரணம் எலிகள்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் சுவரில் வட்டமாக ஒரு கறை தெரிகிறதா? அதற்கு அப்புறம் வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பெண் வந்திருந்தாள், ஆறு வயசு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஐஸ்பாய் ஆடப் போனவள், ஆடுவதற்கு முன்னாலேயே அரை மணி நேரம் சண்டை. சாட் பூட் த்ரீ போட்டபோது யாரோ கையை லேட்டாக நீட்டிவிட்டார்களாம், அழுகுணி ஆட்டமாம், டூவாம், அப்புறம் பழமாம். அக்காவுக்கு எரிச்சல். எனக்கென்னவோ அந்தச் சண்டைதான் ஆட்டத்தின் பாதி என்று தோன்றியது.

சும்மா சொல்லவில்லை. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செர்ஜியோ பெல்லிஸ் என்பவர் எலிக்குட்டிகள் கட்டிப் புரண்டு விளையாடுவதைப் பல வருடங்களாக ஆராய்கிறார். சம வயசுக் குட்டிகளோடு புரண்டு வளர்ந்தவற்றுக்கும், பெரிய எலிகளோடு மட்டும் வளர்ந்தவற்றுக்கும் மூளையின் முன்பகுதியில் வித்தியாசம் இருந்தது. நிதானித்து, எதிராளியைக் கணித்து நடந்துகொள்ள உதவும் பகுதி அது. விளையாடிய குட்டிகளுக்கு அங்கே நரம்பணுக்களின் கிளைகள் குறைவு, ஆமாம், குறைவுதான். கவாத்து பண்ணிய செடி மாதிரி. விளையாட்டு மூளையை வளர்க்கும் என்றே கேட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

பெர்லினில் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் எலிகளுக்குக் கண்ணாமூச்சியே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். 2019இல் வெளிவந்தது. 30 சதுர மீட்டர் அறை, எலியும் மனிதரும் மாறி மாறி ஒளிய வேண்டும். ஜெயித்தால் தீனி கிடையாது, கிச்சுகிச்சு மூட்டுவார்கள், அவ்வளவுதான். அதற்கே அவை நம் காதுக்கு எட்டாத கீச்சுக்குரலில் கத்திக்கொண்டு துள்ளுகின்றன. ஆனால் ஒளியும் முறை வந்தால் கப்சிப், அதுவும் உள்ளே தெரியாத பெட்டியாகப் பார்த்துப் பதுங்குகின்றன. கண்டுபிடித்த பிறகும் ஓடிப்போய் இன்னொரு இடத்தில் ஒளிந்து ஆட்டத்தை இழுக்கின்றனவாம், "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று நாம் அம்மாவிடம் கெஞ்சினோமே, அதேதான்.

சரி, வளர்ந்தவர்கள்? 2004இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு. மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கப் பெரியவர்கள் சிலர் மூன்று மாதம் பழகினார்கள். அசைகிற பொருளைக் கவனிக்கிற மூளைப்பகுதி ஸ்கேனில் பருத்துத் தெரிந்தது. இன்னொரு மூன்று மாதம் சும்மா விட்டதும் பருத்ததில் பெரும்பங்கு வடிந்துவிட்டது. நம் ஊர் அம்மானையும் இதே வேலைதானே, என்ன, பாட்டு வேறு பாட வேண்டும்.

அதைப் படித்துவிட்டுத்தான் மூன்று டென்னிஸ் பந்து வாங்கினேன். அதில் ஒன்று தெருச் சேற்றில் விழுந்ததைக் கழுவாமல் வீட்டுக்குள் வீசியதன் அடையாளம்தான் அந்தக் கறை. இரண்டு வாரத்தில் என் அதிகபட்சம் பதினொன்று. அக்கா பெண்ணிடம் பெருமையாகக் காட்டினேன், நாலாவதிலேயே நழுவியது. கீழே தொடுவதற்குள் பிடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

"மாமா, அழுகுணி!"