பலகையில் எழுதாத கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் என் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். மூன்று மருத்துவமனைகளில் விசாரித்தோம். வரவேற்பறைப் பலகையில் 'பேக்கேஜ் 48,000' என்று குறைவாக எழுதியிருந்த இடத்திலேயே சேர்த்தோம். டிஸ்சார்ஜ் அன்று கைக்கு வந்த பில் 91,000.

பலகையில் இருந்தது பொய்யில்லை. அது பொது வார்டுக்கான தொகை. நாங்கள் எடுத்தது தனி அறை. வாடகை மட்டும்தான் கூடும் என்று நினைத்திருந்தோம். அதே டாக்டர் வந்து பார்ப்பதற்கும், அதே ஆபரேஷன் தியேட்டருக்கும்கூட அறையைப் பொறுத்துக் கட்டணம் ஏறும் என்பது பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. மருந்து, கையுறை, ஊசி எல்லாம் தனிக்கணக்கு.

மருத்துவமனைகள் கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்கட்டும் என்று கேட்கிறவர்களில் நானும் ஒருவன். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு மருத்துவ நிறுவன விதிகளிலும் அது இருக்கிறது. ஆனால் எழுதி வைத்துவிட்டாலே நியாயம் கிடைத்துவிடும் என்று இப்போது நான் நம்பவில்லை.

அட்டையில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலையான எம்.ஆர்.பி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட வெளிப்படையான விலை எது? டிரிப்ஸ் குழாயில் மருந்தைத் திருப்பிவிட ஒரு சின்ன பிளாஸ்டிக் திருகு இருக்கும், ஸ்டாப்காக் என்பார்கள். 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை அலசியது. 5 ரூபாய் 77 காசுக்கு வாங்கிய ஸ்டாப்காக்குக்கு நோயாளி கொடுத்தது 106 ரூபாய். மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகளின் லாபத்துக்காகவே தயாரிப்பாளர்கள் எம்.ஆர்.பி.யைக் கூட்டி அச்சிடுகிறார்கள் என்றது ஆணையம். அட்டையில் இருக்கிற விலையைத்தானே வாங்கினோம் என்று மருத்துவமனை சொல்லிவிட்டால், நாம் என்ன கேட்க முடியும்?

2017இல் இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்டுக்கு அரசே விலை உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அந்த ஸ்டென்டை வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையின் மொத்தச் செலவு அந்த அளவுக்கு இறங்கவில்லை, பில்லில் வேறு தலைப்புகளில் கட்டணம் ஏறிவிட்டது என்று உடனே புகார் வந்தது. நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற மனிதர் எந்தத் தலைப்பை ஒப்பிட்டுப் பார்ப்பார்?

சரி, நேரம் இருக்கிற சிகிச்சைக்காவது ஒன்று செய்யலாம். போன மாதம் என் மைத்துனருக்குக் குடலிறக்க ஆபரேஷன். "இந்த அறைக்கு, மருந்து, ஊசி, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எழுதிக் கொடுங்கம்மா" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் உள்ளே போய், அரைமணி நேரம் கழித்து லெட்டர்பேடில் எழுதி வாங்கி வந்தார். பலகையில் இருந்ததைவிட 22,000 அதிகம். அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டுதான் அட்வான்ஸ் கட்டினோம்.